மூன்று நாள் சலித்த பாட்டு

பிரேசில் நாட்டுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்து கத்தும் ஒரு மெட்டல் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் இந்த மாசியில் எங்கள் பூண்டில் பாதியைச் சலித்து முடித்தேன். இதை அய்யம்பாளையத்தில் இருக்கும் என் அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள். அதனால் சொல்லவில்லை.

நான் அன்னக்கொடி. அய்யம்பாளையத்தில் பிறந்து, அங்கேயே பத்தாம் வகுப்பு வரை படித்து, பதினைந்து வருடங்களுக்கு முன்னால் கொடைக்கானல் மலைமேல் பள்ளங்கிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் ஞானவேலுக்கு வெட்டும் வேலை, காயவைக்கும் வேலை. சலிக்கும் வேலை என்னுடையது. காய்ந்த பூண்டைக் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சல்லடையில் போட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஆட்ட வேண்டும். மொத்தம் நான்கு சல்லடை. ஒன்றைவிட அடுத்ததற்குக் கண் பெரியது. முதல் சல்லடையில் விழுந்துவிடும் பொடிப்பூண்டு ஒன்றாம் நம்பர். அடுத்ததில் விழுவது இரண்டாம் நம்பர். அப்படியே போய், நான்கிலும் விழாமல் மேலேயே உட்கார்ந்திருக்கும் முழுப்பூண்டு ஐந்தாம் நம்பர். கூடைகளில் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் ஒருவரைப் பாராட்டினால் "அஞ்சாம் நம்பர் ஆளு" என்போம். "ஒண்ணாம் நம்பர்" என்று சொன்னால் அன்றைக்குச் சண்டை.

மெட்டலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவன் என் கொழுந்தன் கோகுல்ராஜ். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் தன் ஸ்பீக்கரைச் சாக்குமூட்டை மேல் வைத்துப் போட்டுவிட்டான். எனக்கு எதிரே சல்லடை பிடித்திருந்த பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சின்னம்மா கையை எடுத்துவிட்டாள்.

"ஏலே கோகுலு, யாருக்குடா என்ன ஆச்சு? இந்தக் கத்துக் கத்துறான்?"

"பாடுறாங்க சின்னம்மா."

"பாட்டா? பல்லு புடுங்குறப்ப எடுத்ததுன்னுல்ல நெனச்சேன்."

ஆனால் பத்து நிமிடத்தில் நாங்கள் இருவரும் ஒரு கூடையை முடித்திருந்தோம். சினிமா மெலடி போட்டால் கை தொட்டில் ஆட்டுவது போல ஆடும், பூண்டு நகராது. இந்தப் பாட்டுக்குச் சல்லடை தானாகப் போயிற்று. அடுத்த வாரமே பிச்சையம்மாள், "அந்தப் பல்லு புடுங்குற பாட்டப் போடு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பள்ளியில் தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதும் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, உறைமேல் முகவரி, எதுவும் விடுபடாது. ஊரில் பஸ் நேரத்தை மாற்றச் சொல்லவும், கம்பத்து விளக்கு எரியாததைச் சொல்லவும் என்னிடம்தான் வருவார்கள். ஆகவே பாட்டுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். புதிதாக வருகிற பாட்டை நான்கு தடவை சோதிப்பேன். பாட்டோடு கை சேர்ந்து போகிறதா என்பது முதல் சல்லடை. நடுவில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறதா என்பது இரண்டாவது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் நினைவில் நிற்கிறதா என்பது மூன்றாவது. மறுநாள் வெள்ளனே எழுந்ததும் திரும்பக் கேட்கத் தோன்றுகிறதா என்பது நான்காவது. முதலில் விழுந்த பாட்டு ஒன்றாம் நம்பர். கடைசிவரை விழாமல் நின்ற பாட்டு பத்தாம் நம்பர். வருடத்துக்குப் பத்துப் பாட்டு என்பது என் கணக்கு. வேறு மாதிரி நம்பர் போடலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

இந்த வருடப் பத்தில், நார்வே நாட்டுக் குழு ஒன்று இரண்டாம் நம்பரில் விழுந்தது. நன்றாக உறுமிக்கொண்டு வந்தவர்கள் நடுவில் ஏதோ கீபோர்டைத் தட்ட, ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் வண்டி மணியடிப்பது போல ஆகிவிட்டது. மான்செஸ்டர் ராக் குழுவின் பாடகருக்குப் பாட்டு முழுக்கச் சளி பிடித்திருந்தது. ஒரு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தால் ஆறு வரை வந்திருப்பார், நான்கில் நிறுத்தினேன். ஷில்லாங்கைச் சேர்ந்த "ரெயின் கேஷியர்" குழுவின் பதினோரு நிமிடப் பாட்டு ஏழு. அதன் முடிவில் மழைச் சத்தமும் ஒரு நாய் குரைப்பும் வரும். அந்த நாய்க்காகவே எட்டு போட இருந்தேன். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் அது எங்கள் தெரு நாய் என்று தெரிந்தது. பிரேசில் பெண்களுக்கு ஒன்பது. என்ன பாஷை என்றே தெரியவில்லை. ஆனால் அந்தக் கோபம் யார்மேல் என்பது எனக்கும் பிச்சையம்மாளுக்கும் நன்றாகப் புரிந்தது.

பத்தாம் நம்பர் யாருக்கு என்பதில்தான் சங்கடம்.

கோகுல்ராஜே ஒரு குழு வைத்திருக்கிறான். பெயர் "குளிர்க்காய்ச்சல்." அவன் டிரம்ஸ். கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டும் விக்னேஷ் கிதார். லாட்ஜில் வரவேற்பில் உட்காரும் ஸ்வேதா பாஸ் கிதாரும் பாட்டும். "வெல்கம் சார், ரூம் சாவி சார்" என்று சொல்லும் அதே தொண்டையிலிருந்துதான் அந்தக் கர்ஜனை வருகிறது என்று சொன்னால் லாட்ஜில் ரூம் எடுத்தவர்கள் காலி செய்துவிடுவார்கள். அவர்களுடைய பாட்டு "கொண்டை ஊசி." மலைப்பாதையில் பஸ் லோ கியரில் ஏறுகிற உறுமலைக் கிதாரில் கொண்டுவந்திருக்கிறான் விக்னேஷ். ஒவ்வொரு வளைவிலும் எல்லாச் சத்தமும் ஒரு மூச்சு நின்று, ஒரு ஹாரன் அடித்து, மறுபடி கோகுலின் அடி இறங்கும். அந்த இடத்தில் சல்லடையும் நின்று, திரும்பிப் போகும்.

ஏப்ரல் மாதம் ஸ்வேதாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பது நடக்காது. அதுவரை அவர்கள் ஒரு மேடையும் ஏறியதில்லை. விக்னேஷின் கார் ஷெட்டில் வாசித்ததுதான்.

அந்த நேரத்தில்தான் "மூடுபனி" இணைய வானொலியில் அறிவிப்பு வந்தது. கொடைக்கானலில் ஒரே ஒரு அறையில் தமிழ்மதி என்ற பெண் நடத்தும் வானொலி அது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ராக், மெட்டல் மட்டும். நேயர்கள் தங்களுக்குப் பிடித்த இந்த வருடத்துப் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, காரணத்தோடு கையால் எழுதி அனுப்ப வேண்டும். சிறந்த கடிதம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பட்டியலில் நம் மாவட்டத்துக் குழு எது முன்னால் இருக்கிறதோ, அந்தக் குழு மார்ச் கடைசிச் சனிக்கிழமை மதியம், பெங்களூரிலிருந்து வரும் பெரிய குழுவுக்கு முன்பு அரை மணி நேரம் வாசிக்கலாம்.

கையால் கடிதம் என்றதுமே கோகுல் என் முன்னால் வந்து நின்றான்.

"மதினி, நீங்க எழுதுவீங்கன்னு தெரியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்."

"மொத எடம் குடுன்னா?"

"அது இல்ல. கொழுந்தன்னு பாத்து எழுதாதீங்க. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே போடுங்க. பொய்யா ஒரு மேடை கெடச்சு அதுல போய் நிக்கிறதுக்கு, ஷெட்டுலயே அடிச்சுட்டுப் போயிருவேன்."

"இலவசமா ஒரு பாராட்டு வருது, அதையும் வேண்டாங்குறான் பாரு" என்றார் ஞானவேல்.

நான் நேர்மையாகத்தான் செய்தேன். அவன் பாட்டை விழவைக்க மூன்று நாள் முயன்றேன். மற்ற பாட்டுகளுக்கு ஒரு நாள்தான். பிச்சையம்மாளிடம் யார் பாட்டு என்றே சொல்லவில்லை. அது விழவில்லை. நிம்மதியாகப் பத்தாம் நம்பர் போட்டுக் கடிதத்தை எழுதினேன். ஒரு தாளுக்குள் முடிக்க வேண்டும் என்று நெருக்கி எழுதியதில், "இப்படிக்கு" என்று கையெழுத்துப் போடும்போது முன்பக்கம் முடிந்துவிட்டது. நம்பர் போட்ட முறையைப் பற்றிய குறிப்பைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன்.

*

ஞாயிறு பதினோரு மணிக்குக் கொட்டகையில் எல்லோரும் இருந்தோம். கோகுல் மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். தமிழ்மதி கடிதத்தைத் தேர்ந்தெடுத்ததைச் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு லெட்டர் நான் பாத்ததே இல்ல ஃப்ரெண்ட்ஸ்! பொருள், பார்வை எல்லாம் போட்டு, மார்ஜின் விட்டு... பள்ளங்கி அன்னக்கொடி அக்கா, யூ ஆர் சூப்பர்!"

பிச்சையம்மாள் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஞானவேல் பீடியைக் காதில் செருகிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப கீழே இருந்து ஆரம்பிச்சு மேல போலாம். பத்தாவது இடம், அதாவது கடைசி இடம், நம்ம கொடைக்கானல் பாய்ஸ் அண்ட் கேர்ள், குளிர்க்காய்ச்சல்!"

கோகுலின் விரல்கள் நின்றன.

"அக்கா என்ன எழுதிருக்காங்கன்னா... 'இந்தப் பாட்டை மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் ஓயாமல் சலித்தேன். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளும் சலித்தார்.' ஐயையோ! ஒரு தெருவே சலிச்சுப்போச்சு போல!"

அவள் ஒன்பது, எட்டு என்று சிரித்துக்கொண்டே வந்தாள். பிரேசில் பெண்கள் ஒன்பதாவது இடம். தெரு நாய் பாடிய பாட்டு ஏழாவது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்திருந்தார்கள்.

"முதல் இடம்! நம்ம பழனி, இரும்புக்கிளி! பாட்டு 'நானே நெருப்பு'. அக்கா எழுதுறாங்க, 'இந்தப் பாட்டில் நெருப்பு என்ற சொல் நாற்பத்தொரு முறை வருகிறது. இதைப் போட்டால் எங்களால் சலிக்கவே முடியவில்லை.' பாருங்க, நாப்பத்தொரு தடவையும் எண்ணிருக்காங்க, சலிக்கவே இல்லையாம்! இரும்புக்கிளி, ஸ்டேஜ் உங்களுக்குத்தான்!"

கோகுல் எழுந்தான். ஜெர்கினைத் தேடினான். அது ஆணியிலேயே தொங்கியது; அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"தம்பி, இரு..."

"பரவால்ல மதினி. நான்தான நேர்மையா போடச் சொன்னேன்." சிரிக்கப் பார்த்தான். "மூணு நாளு கேட்டதே பெரிசு."

பைக் சத்தம் மேட்டில் ஏறிப் போனது. அவனுடைய பாட்டின் ஆரம்பம் மாதிரியே இருந்தது.

"நீ எதுக்குத்தா என் பேர அதுல எழுதுன?" என்றாள் பிச்சையம்மாள். "எனக்கு அந்தப் பாட்டு புடிச்சுதான கெடக்கு?"

நான் உள்ளே போய் நகலை எடுத்தேன். எந்தக் கடிதத்துக்கும் கார்பன் நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். முன்பக்கம் சரியாக இருந்தது. பின்பக்கத்துக் குறிப்பும் சரியாக இருந்தது: "மேற்கண்ட எண்கள் எங்கள் வீட்டுச் சல்லடைக் கணக்குப்படி இடப்பட்டவை. ஒன்று என்பது முதலில் விழுந்தது. பத்து என்பது கடைசிவரை விழாமல் நின்றது." ஆனால் முன்பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில், பதினைந்து வயதிலிருந்து நான் ஒருமுறைகூட எழுத மறக்காத இரண்டு சொற்கள் இல்லை. மறுபக்கம் பார்க்க.

திங்கட்கிழமை முழுக்கக் கோகுலின் போன் அணைந்தே இருந்தது. விக்னேஷுக்குப் போட்டால், "சவாரில இருக்கேன்கா" என்று வைத்துவிட்டான். வானொலி எண்ணுக்குப் போட்டால் பாட்டுத்தான் பாடியது. புதன்கிழமை கச்சேரி நோட்டீஸை அச்சடித்துவிடுவார்கள்.

"நேராப் போயி ஆளைப் பாத்துச் சொல்லிட்டு வா" என்றார் ஞானவேல். "உன் கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள கச்சேரி முடிஞ்சுரும்."

போவதென்று முடிவு செய்தேன். ஆனாலும் கையில் ஒரு கடிதம் இல்லாமல் போய்ப் பழக்கமில்லை. "பொருள்: பிழை திருத்தம் கோருதல். பார்வை: எனது முந்தைய கடிதம், மறுபக்கம்" என்று எழுதி எடுத்துக்கொண்டேன்.

*

செவ்வாய் காலை பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தேன். ஒரு வெள்ளை கார் வழியை அடைத்து நின்றது. அதிலிருந்து தோள்வரை முடியும், நெற்றி நிறையத் திருநீறும், மண்டையோடு போட்ட கறுப்பு டீசர்ட்டுமாக ஒருவன் இறங்கினான். இரண்டு கைகளிலும் பஞ்சாமிர்த டப்பாக்கள்.

"அன்னக்கொடி அக்காங்களா? நான் சிவமுருகனுங்க. இரும்புக்கிளி."

எனக்குக் காலடியில் மலை கொஞ்சம் நகர்ந்தது.

"நம்ம கடைதாங்க, பழனி அடிவாரத்துல. அப்பா குடுத்துவிட்டாரு. 'ஏலே, உன் பாட்ட ஒருத்தவங்க மொத எடத்துல வச்சிருக்காங்கன்னா அவங்க காலுல விழுந்துட்டு வா'ன்னாரு."

விழுந்தேவிட்டான். நான் டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க தம்பி" என்றேன். வேறென்ன சொல்வது? கொட்டகையில் பிச்சையம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த முடிக்கு உங்கப்பாரு ஒண்ணும் சொல்லலையாய்யா?"

"நேர்த்திக்கடன்னு சொல்லி வச்சிருக்கேங்க. மேடையேறினா முருகனுக்கு முடி எறக்குறேன்னு. மூணு வருஷமா வளருது." பழனியில் முடி வளர்க்க இதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைக்காது. "யாருமே அந்தப் பாட்டுல நெருப்ப எண்ணுனதில்லக்கா. நாங்களே எண்ணல. நீங்க எண்ணிருக்கீங்க!"

அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கையிலிருந்த பிழை திருத்தம் கனத்தது. சொல்லாவிட்டால் கோகுலுக்கு மேடை இல்லை. சொன்னால் இந்தச் சிரிப்பு இருக்காது. எப்படி ஆரம்பிப்பது என்று பொருளும் பார்வையும் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் நின்றது. கோகுல். ஜெர்கினை எடுக்க வந்திருந்தான்.

சிவமுருகன் அவனை அடையாளம் கண்டுகொண்டான். "அட, பத்தாம் நம்பரு! நீங்க இங்கயா?"

"இது என் வீடு" என்றான் கோகுல்.

"சொந்த வீட்டுலயே பத்தாவதா? அக்கா, உங்கள மாதிரி நேர்மை வராதுக்கா."

கோகுல் ஆணியைப் பார்த்துப் போனான். சிவமுருகன் சங்கடத்தை மறைக்கச் சுற்றிலும் பார்த்து, கூடைகளைக் கண்டான். "இதுலயும் நம்பர் போட்டிருக்கே! ஒண்ணாம் நம்பர் எனக்கு ரெண்டு கிலோ போடுங்க. அம்மா நல்ல பூண்டா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"ஒண்ணாம் நம்பரா?" என்றாள் பிச்சையம்மாள். "அது எதுக்குய்யா? பொடிசு. உரிக்கவே முடியாது. நாங்க அதைப் பூச்சிமருந்துக்கு அரைப்போம். நல்லது வேணும்னா அஞ்சாம் நம்பர் எடு. அதான் எத்தன சலிச்சாலும் விழாம நிக்கிறது."

ஜெர்கினில் ஒரு கையை நுழைத்த கோகுல் அப்படியே திரும்பினான்.

"மதினி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மதினி, நீங்க... சல்லடை நம்பரா போட்டீங்க?"

"பின்பக்கம் எழுதியிருந்தேன் தம்பி. மறுபக்கம் பார்க்கன்னு போட மறந்துட்டேன்."

"அப்ப மூணு நாளு சலிச்சேன்னு எழுதுனது?"

"சலிச்சேன். இந்தக் கையால. சின்னம்மாவும்தான்."

"ஆமா, தோள்பட்டை இன்னும் வலிக்கு" என்றாள் பிச்சையம்மாள்.

கோகுல் சிரிக்க ஆரம்பித்தான். மூட்டைமேல் விழுந்து சிரித்தான். ஜெர்கினின் இன்னொரு கை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது, துடைத்தது சிரிப்பின் தண்ணீர் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

கொட்டகையில் சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். சிவமுருகன் ஒன்றாம் நம்பர் கூடையிலிருந்து ஒரு பொடிப்பூண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அப்ப எங்க நெருப்பு இதுங்களாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. பிழை திருத்தத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசிவரை படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"பாட்டப் போடுங்க. நானே சலிச்சுப் பாக்கறேன்."

அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் சல்லடையைப் பிடித்தோம். ஸ்பீக்கரில் "நானே நெருப்பு" கிளம்பியது. அவன் அதன் வேகத்துக்கு ஆட்டினான். எட்டாவது நெருப்பில் பூண்டு சல்லடையைவிட்டு எழும்பியது. பன்னிரண்டாவது நெருப்பில் ஒன்று பறந்துபோய்க் கோகுலின் நெற்றியில் அடித்தது. இருபதில் பிச்சையம்மாள் முறத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "நிறுத்துய்யா, இதென்ன சண்டையா!" என்று கத்தினாள்.

"இப்ப அவங்களது" என்றான் மூச்சு வாங்க.

"கொண்டை ஊசி" லோ கியரில் ஏறத் தொடங்கியது. சல்லடை போனது, வந்தது. முதல் வளைவில் சத்தம் நின்றபோது அவன் கையும் நின்றது. யாரும் சொல்லித் தரவில்லை. ஹாரன். மறுபடி இறங்கியது அடி. மூன்றாம் வளைவில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். முடி முன்னும் பின்னும் விழுந்தது. பாட்டு முடிந்தபோது கூடையும் முடிந்திருந்தது. கீழே விழ வேண்டியது விழுந்து, நிற்க வேண்டியது நின்றிருந்தது.

"உங்க கணக்குல தப்பில்லக்கா" என்றான். பிறகு அவனே போனை எடுத்தான். தமிழ்மதியின் சொந்த எண் அவனிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"மேடம், அன்னக்கொடி அக்கா லெட்டர் பக்கத்துல இருக்கா? அதைத் திருப்பிப் பாருங்க."

"திருப்பியா? ஏன், பின்னாடி என்ன..." காகிதச் சத்தம். குறிப்பை அவள் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. "அய்யய்யோ. டோட்டல் மிஸ்டேக்! சல்லடையா? அப்ப சலிச்சேன்னா... ஓ மை காட், சிவா, அப்ப ஸ்லாட் உங்களுக்கு இல்லையே!"

"தெரியுங்க. அது குளிர்க்காய்ச்சலுக்கு." என்னைப் பார்த்தான், கோகுலைப் பார்த்தான், கடைசியில் தொங்கும் சல்லடையைப் பார்த்தான். "எனக்கு அந்த மேடையில ஒரு கயிறும் சல்லடையும் போதும். இவங்க சேத்துக்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்கறேன்."

கோகுல் நெற்றியில் பூண்டு அடித்த இடத்தைத் தடவினான்.

"பூண்டு வெளிய பறக்காம ஆட்டுவேன்னா, வா."

பிச்சையம்மாள் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "பாட்டு ஒண்ணாம் நம்பரு. ஆளு அஞ்சாம் நம்பரு."

*

மார்ச் கடைசிச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேடைக்கு மேலே சவுக்குக் கம்பு கட்டி, அதில் எங்கள் மூன்றாம் சல்லடை தொங்கியது. அதற்கு முந்தைய ஞாயிறே தமிழ்மதி பட்டியலைத் தலைகீழாக மறுபடி படித்து, இந்த முறை தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்ததாகச் சொல்லியிருந்தாள். தேர்ந்தெடுக்கப்பட்ட நேயர் என்ற முறையில் நான் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டும். எழுதி வைத்திருந்தேன். "பேரன்புடையீர்" என்று தொடங்குவதற்குள், கீழே கறுப்புச் சட்டை போட்ட முந்நூறு பேர் "அக்கா! அக்கா!" என்று கத்தியதில் மீதியை மடித்து வைத்துவிட்டேன்.

சிவமுருகன் சல்லடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கத்துக்குப் பிச்சையம்மாள், புதுச்சேலையில். முதல் வரிசையில் அவனுடைய அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் மேடையில் நிற்பதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தன் தலையில் கையை வைத்து முன்னிருந்து பின்னாகச் சவரக்கத்தி போல இழுத்துக் காட்டினார். மேடையேறியாயிற்று, முருகன் கணக்கு முருகனுக்கு. சிவமுருகன் முடியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டான். கூட்டம் அதற்கும் கத்தியது.

விக்னேஷ் கிதாரில் வண்டியைக் கிளப்பினான். ஸ்வேதா மைக்கைச் சரிசெய்து, "வெல்கம் சார்" என்று லாட்ஜ் குரலில் சொன்னாள். கோகுல் இரண்டு குச்சிகளையும் உயரத் தூக்கினான். அடிக்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான்.

"பள்ளங்கி மக்கா, கொடைக்கானல் மக்கா, பழனி மக்கா! எங்க மதினி மூணு நாளு ஓயாம சலிச்ச பாட்டு இது!"

முந்நூறு பேர் சிரித்த சிரிப்பில் அடி இறங்கியது. சல்லடை போனது, வந்தது. பூண்டுச் சருகு வெயிலில் எழும்பி மேடை முழுக்கப் பறந்தது. பெங்களூர்க்காரர் ஒருவர் ஓரமாக நின்று தும்மிக்கொண்டே தலையாட்டினார். முதல் வளைவில் எல்லாம் நின்ற அந்த ஒரு மூச்சில் குனிந்து பார்த்தேன். என் கைகளில் சல்லடை இல்லை. இருந்தும் இரண்டும் முன்னால் நீண்டு, காற்றைப் பிடித்தபடி, ஹாரனுக்காகக் காத்திருந்தன.